நீலக்கோட்டுக்கு ஒரு வரவேற்பு

எங்கள் சொசைட்டிக்குப் பின்னால் ஓடும் முளா ஆறு என்ன நிறம் என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. கோடையில் கறுப்பு. குளிர்காலத்தில் ஆகாயத்தாமரை மூடிப் பச்சை. மேலே யாரோ எதையோ திறந்துவிட்ட அன்று சோப்பு நுரை மாதிரி வெள்ளை. மழைக்காலத்தில் அணையைத் திறந்தால் டீ நிறம், அதுவும் எங்கள் அடுக்களை வரைக்கும் வந்து ஆறிப்போகிற டீ. இத்தனை வருஷத்தில் நீலமாக ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆகவே நீலக்கோடு போட வந்திருக்கிறோம் என்று ஒரு பெண் வந்து நின்றபோது, அது ஆறு சம்பந்தப்பட்ட கோடு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்த மராத்தி ஊரில், தாபோடிப் பக்கம் நான்கு மாடிப் பழைய கட்டடம் எங்களுடையது; குடியிருப்பவர்கள் பெரும்பாலும் பிழைக்க வந்த தமிழர்கள், எங்கள் சங்கத்துக்குப் பேர்தான் சொசைட்டி. தரைத்தளத்தில் இரண்டு வீடுகள். ஒரு வீட்டுக்காரர்கள் பூட்டிவிட்டு வாகட்டில் இருக்கும் மகனோடு போய்விட்டார்கள். இன்னொன்றில் நானும் என் மனைவியும். நான் பத்தாவது முடித்த கையோடு வேலூர் பக்கத்திலிருந்து வந்து, பிம்ப்ரியில் ஒரு கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனில் சேர்ந்தவன். இன்னும் அங்கேதான்.

எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரும். அணையைத் திறந்தால் ஒரு நாள், சில வருஷம் இரண்டு நாள் நிற்கும். ஆனால் சொசைட்டியின் கணக்கில் தண்ணீர் வந்ததே கிடையாது. தண்ணீர் வரும் கட்டடம் என்று பேர் வந்தால் மேல்மாடி வீடுகளின் விலை என்ன ஆவது? எனவே எங்கள் வீட்டில் தொடை வரைக்கும் நின்றதற்கு எங்கள் செகரட்டரி ஒரு பெயர் வைத்திருந்தார். 'சீலன்.' இந்தியில் ஈரக்கசிவு என்று அர்த்தம். செகரட்டரி வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற தமிழர், மூன்றாம் மாடி. வங்கியில் இருந்தவர் என்பதால் எதற்கும் பொருத்தமான பெயர் வைக்கத் தெரியும். ஒரு வருஷம் எங்கள் கதவின் கீழ்ப்பாதி ஊறி, டீயில் முக்கின பன் மாதிரி கையோடு வந்தது. ஆசாரியைக் கூப்பிட்டுத் தண்ணீர் நின்ற உயரத்துக்கு அலுமினியத் தகடு அடித்தோம். செகரட்டரி அதையும் பார்த்துவிட்டு, சீலனுக்கு நல்ல ஏற்பாடு என்று பாராட்டிவிட்டுப் போனார்.

நாங்கள் கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. முதல் மாடியில் சொசைட்டியின் ஆபீஸ் அறை ஒன்று பூட்டிக் கிடக்கிறது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், கணபதிக்கு வைக்கும் தெர்மாகோல் மண்டபம், காலாவதியான தீயணைப்பு சிலிண்டர். மழை மாதங்களில் அந்த அறைச் சாவி எங்களிடம் இருந்தால், அணை திறந்த செய்தி வந்ததும் ஃப்ரிட்ஜையும் அரிசியையும் ஏற்றிவிட்டு நாங்களும் அங்கே படுத்துக்கொள்ளலாம். இப்போது என்றால் படிக்கட்டில் உட்கார்ந்திருப்போம். மேலே போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போவார்கள், கால் படாமல் கவனமாக. ஒவ்வொரு வருஷமும் மனைவி சாவி கேட்பாள். நான் கூட்டத்தில் செருப்பு கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சரியாகக் கேட்கிறாள் என்பது போல் தலையாட்டுவேன். என் பங்களிப்பு அவ்வளவுதான்.

"சாவி குடுக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்லம்மா," என்பார் செகரட்டரி. "எதுக்குக் குடுத்தேன்னு மினிட்ஸ்ல எழுதணுமே. தண்ணி வந்துதுன்னு எழுத முடியுமா? சீலன்னு எழுதினா, சீலனுக்கு யாராவது மாடியில போய்ப் படுப்பாங்களா?"

இப்படியாக எங்கள் சாவிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு இந்தி வார்த்தை உட்கார்ந்திருந்தது. அதை எடுத்துப் போட்டது ஒரு மராத்தி வார்த்தை.

குளிர்காலம், ஞாயிற்றுக்கிழமை. தொப்பி போட்ட ஒரு பெண்ணும் கூட ஓர் ஆளும் சந்துக்குள் வந்தார்கள். அந்த ஆளின் கையில் ஆளைவிட உயரமான கம்பு, அதன் உச்சியில் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி வெள்ளையாக ஏதோ. ஐந்தடி நடப்பார்கள், கம்பை நட்டு நிறுத்துவார்கள், அந்தப் பெண் கையில் இருந்த கருவியைப் பார்ப்பாள், அது ஒரு சத்தம் கொடுக்கும், மறுபடியும் நடப்பார்கள். அந்தக் கிண்ணம் சாட்டிலைட்டுகளோடு பேசி, நின்ற இடமும் அதன் உயரமும் விரற்கடை சுத்தமாகச் சொல்லிவிடுமாம். அவள் ஆறுகளைக் கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பார்க்கும் ஒரு கம்பெனியின் இன்ஜினியர். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்று செகரட்டரி பால்கனியிலிருந்து இறங்கி வந்து என்ன வேலை என்று கேட்டார். அவள் சொன்ன பதில் நாலே சொல். "ப்ளூ லைன். பூர் ரேஷா."

மராத்தியில் பூர் என்றால் வெள்ளம். வெள்ளக்கோடு. ஆறு பெருகினால் எது வரைக்கும் வரும் என்று வரைபடத்தில் நீலத்தில் போடுவது. செகரட்டரிக்குக் கவுண்டரில் பழகிய மராத்தி. அதில் பணம் இருக்கும், வெள்ளம் இருக்காது. அவர் காதில் அது இந்தி 'பூரா'வாக விழுந்தது. பூரா லைன். முழு லைனும் இந்தப் பக்கம்தான் வருகிறது. இந்த ஊரில் மெட்ரோ வழித்தடங்களுக்கு நிறத்தின் பெயர் வைத்திருக்கிறார்கள். ப்ளூ லைன் என்றால் வேறு என்னவாக இருக்க முடியும்?

எனக்கு அந்த வார்த்தை தெரியாமல் இல்லை. ஜூலையில் போலீஸ் வண்டி ஒலிபெருக்கியில் அதைத்தான் சொல்லிக்கொண்டு எங்கள் ஜன்னலைக் கடக்கும். ஆனால் அது குளிர்காலம், வெயில் நன்றாக அடித்தது, வங்கி அதிகாரி பூரா என்கிறார். என் காதும் மரியாதையாகப் பூரா என்றே கேட்டுக்கொண்டது.

மத்தியானத்துக்குள் வாட்ஸப் குழுவில் கும்பிடும் கைகள் குவிந்தன. ஸ்டேஷனுக்கு எங்கள் சொசைட்டி பெயரையே வைக்க வேண்டும் என்றார் ஒருவர். நான்காம் மாடிக்காரர் தூண் தன் படுக்கையறைக்கு நேராக வரக்கூடாது என்று முன்கூட்டியே ஆட்சேபம் தெரிவித்தார். எதிர்ச்சந்து சொசைட்டி நமக்கு முன்னால் போய் லைனைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் என்று ஒரு பயம் கிளம்பி, அன்று மாலையே அவசரக் கூட்டம் போட்டார்கள். கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு பல வருஷமாகக் கிடப்பில் கிடந்தது. மறுநாள் ஒரு பில்டர் வந்து மொட்டை மாடியில் நின்று நான்கு பக்கமும் பார்த்துவிட்டுப் போனார். என் மனைவிகூட மயங்கிவிட்டாள். வாசலிலேயே ரயில் ஏறிப் பிம்ப்ரியில் இறங்கலாமே, உங்களுக்கு பஸ் நெரிசல் மிச்சம் என்றாள்.

அடுத்த ஞாயிறு இன்ஜினியர் பெண் மறுபடியும் வந்தபோது கேட்டில் மேசை போட்டு, அவல் போஹேயும் டீயும் வைத்து, அவளுக்கு ஒரு சால்வையும் தேங்காயும் கொடுத்தார்கள். இந்த ஊரில் யாரைக் கௌரவிப்பது என்றாலும் சால்வையும் தேங்காயும்தான். அவள் தேங்காயை எங்கே வைப்பது என்று தெரியாமல் கம்பு பிடிக்கிற ஆளிடம் கொடுத்தாள். அவன் ஒரு கையில் சாட்டிலைட்டும் ஒரு கையில் தேங்காயுமாக நின்றான். முந்தின நாள் போன இடத்தில் நாயை அவிழ்த்து விட்டார்கள் என்று அவள் சொன்னாள்.

செகரட்டரி குரலைத் தாழ்த்தி, லைனை எங்கள் கட்டடத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவர முடியுமா என்று இந்தியில் கேட்டார். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். பக்கத்திலா, தள்ளியா என்று திருப்பிக் கேட்டாள். பக்கத்தில்தான், முடிந்தால் கேட்டுக்குள்ளேயே என்றார் இவர். எல்லாரும் தள்ளிப் போடத்தான் கெஞ்சுவார்கள், இப்படி நேர்மையாக ஒரு சொசைட்டியைப் பார்த்ததில்லை என்றாள் அவள், உண்மையாகவே நெகிழ்ந்து. பிறகு விளக்கினாள்: நாங்களாக இழுக்க முடியாது, தண்ணீர் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறதோ அவ்வளவு தூரம் லைன் உள்ளே வரும். தண்ணீர் எங்கே வந்தது என்று காட்டினால் போதும்.

செகரட்டரிக்கு ஒரு நொடிதான் ஆனது. தூண் போட இளகின மண் தேடுகிறார்கள் என்று எங்களுக்குத் தமிழில் விளக்கிவிட்டு, முழுக் கமிட்டியோடு என் வீட்டு வாசலுக்கு வந்தார். பல வருஷம் கழித்து வருகிறார்.

"ஆயியே மேடம். இங்கதான், ஹர் சால் பானி," வருஷா வருஷம் தண்ணீர் என்று இந்தியில் சொல்லி, என் வாசற்படியைக் கோயில் கர்ப்பக்கிரகம் மாதிரிக் காட்டினார்.

மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். "சீலன்னு சொல்வீங்களே சார்?"

"ஆரம்பம் சீலன்தாம்மா. அப்புறம் ஏறிடும்ல," என்றார். இன்ஜினியர் பக்கம் திரும்பித் தன் தோளில் கை வைத்துக் காட்டினார். இது வரைக்கும்.

"தோளா? அப்ப நாங்க இன்னா மீனா சார்?" என்றாள் மனைவி. "தகடு வரைக்கும்தான் வந்துது. தோ, கதவுல கீது பாருங்க."

செகரட்டரி கண்ணால் அடக்கினார். தோளுக்கும் தொடைக்கும் நடுவில் ஒரு ஸ்டேஷன் போய்விடுமே என்ற கவலை அவருக்கு. நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். பேசாமல் இருப்பதற்கு அதைவிட நல்ல வேலை கிடையாது.

அவள் தோளைக் குறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கம்பை எங்கள் வாசற்படியில் நிறுத்தச் சொன்னாள். கருவி சத்தமே கொடுக்கவில்லை. திரும்பத் திரும்ப ஒரே வார்த்தையைக் காட்டியது: ஃப்ளோட். மேலே பால்கனி மறைக்கிறது, போதுமான சாட்டிலைட் தெரியவில்லை, இடம் உறுதியாகாமல் அலைகிறது, அப்படி இருந்தால் ஃப்ளோட் என்று வரும் என்றாள். மனைவி என்னிடம் கேட்டாள், நான் சொன்னேன், மிதக்கிறது என்று அர்த்தம்.

"அத்த சொல்றதுக்கு ஆகாசத்துலேந்து வரணுமா?" என்றாள்.

கடைசியில் கம்பைக் கேட்டுக்கு அந்தப் பக்கம் வெயிலில் நட்டு அளந்துகொண்டு, அங்கிருந்து என் கதவு வரைக்கும் கொத்தனார்கள் வைத்திருக்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பிப் பிடித்து மட்டம் கொண்டுவந்தார்கள். விண்வெளியிலிருந்து கேட் வரைக்கும் விஞ்ஞானம், கேட்டிலிருந்து என் வீட்டுக்கு டியூப். தகட்டின் மேல்விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுப் படம் எடுத்தாள். கிளம்பும்போது லேப்டாப்பைத் திறந்து எங்களுக்கு ஆற்றைக் காட்டினாள். அங்கே நல்ல நீலமாக இருந்தது. ஆகாயத்தாமரை இல்லை, நுரை இல்லை, பிளாஸ்டிக் பை இல்லை, நாற்றமும் இல்லை. ஒரு பொத்தானைத் தட்டினாள். நீலம் மெதுவாகப் பரவி, கேட்டைத் தாண்டி, ஒரு சின்னச் சதுரத்தை மூடியது. அது என் வீடு. ஃப்ரிட்ஜைத் தூக்காமல், யாரும் யாரையும் பார்த்துக் கத்தாமல், அவ்வளவு நாகரிகமாக என் வீடு மூழ்கியதை அன்றுதான் பார்த்தேன். லைன் கேட்டுக்குள் வந்துவிட்டது என்று பின்னால் நின்ற கமிட்டி கைதட்டியது.

அன்று மனைவி சாவியை நினைவுபடுத்தினாள். எல்லார் முன்னாலும் தண்ணீர் வருகிறது என்று அவரே சொல்லிவிட்டாரே. ஸ்டேஷன் வரட்டும் பார்க்கலாம் என்றார்.

கோடையில் வரைபடம் வெளியானது. ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று ஒரு குறிப்போடு குழுவில் யாரோ அனுப்பினார்கள். கோடு எங்கள் கட்டடத்தைத் தாண்டி, சந்தின் நடுவில் போனது. நாங்கள் முழுசாக உள்ளே. குழுவில் மறுபடியும் கும்பிடும் கைகள். ஸ்டேஷன் எங்கே, ஸ்டேஷனைக் காணோமே என்று பெரிதுபடுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கல்லூரியில் படிக்கும் பேத்தி ஒருத்தி கீழே இருந்த மராத்திக் குறிப்பை வாசித்து, நீலக்கோட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் புதுக் கட்டடம் எதுவும் கட்டக்கூடாது என்று ஒரே வரியில் தமிழும் இங்கிலீஷும் கலந்து போட்டாள். அதற்குப் பிறகு குழுவில் ஒரு கும்பிடும் கைகூட வரவில்லை. பில்டர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆறு வரும் திசையில், எங்களுக்கு மேல்புறம், ஆற்றோரமாகவே, புதிதாக எழும்பிய கோபுரங்கள் இரண்டு இருக்கின்றன. இரவோடு இரவாக லாரி லாரியாகக் கட்டட இடிபாட்டைக் கொட்டிக் கரையை உயர்த்தி அதன்மேல் கட்டினார்கள். வரைபடத்தில் கோடு அவர்களிடம் வந்ததும் விலகி, வணக்கம் சொல்கிற மாதிரி வளைந்து, அவர்களைத் தாண்டியதும் நேராக எங்கள் மேல் பாய்ந்தது. சாட்டிலைட்டுக்கு மண் எப்படி வந்தது என்பது தெரியாது, எவ்வளவு உயரம் என்பதுதான் தெரியும். ஆற்றுக்குள் மண்ணைக் கொட்டினவன் உயர்ந்த இடத்துக்காரன் ஆகிவிட்டான். தண்ணீர் வருகிறது என்று சால்வை போட்டுச் சொன்னவர்கள் நாங்கள்.

எங்கள் கமிட்டி ஆட்சேபம் போட்டது. அதைச் சரிபார்க்க அதே பெண் வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் செகரட்டரி எங்கள் வீட்டுக்குள் வந்து, கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார். சாவியை மேசைமேல் வைத்தார்.

"நாளைக்கு அந்தப் பொண்ணு கேட்டா, தகடு எலிக்காக அடிச்சதுன்னு சொல்லிடுங்கோ. சீலன்கூட வேணாம்."

மனைவி அவரைப் பார்த்தாள், சாவியைப் பார்த்தாள். "தண்ணியே வரலைன்னா எங்களுக்குச் சாவி எதுக்கு சார்?"

"சாவி வேற, தண்ணி வேறம்மா."

"எங்க வூட்ல ரெண்டும் ஒண்ணுதான் சார்."

அவர் சாவியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நாளைக்கு நீங்கதான் பதில் சொல்லணும், வீட்டுக்காரர் நீங்க, என்றார். எலி என்று சொன்னால் சாவி உறுதி. ஆனால் எலி என்று சொல்லிவிட்டு, ஜூலையில் நான் எதற்குப் பயந்து மாடி ஏறுவேன்?

மறுநாள் அவள் வந்தாள். இந்த முறை டீ இல்லை. தகடு எலிக்காக என்று செகரட்டரி கூறினார், கமிட்டி ஆமோதித்தது. அவள் தகட்டைப் பார்த்தாள், அதன்மேல் மங்கிப்போயிருந்த தன் சாக்பீஸ் கோட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்து, எலியா என்று கேட்டாள். மொத்தச் சொசைட்டியும் என் வாயைப் பார்த்தது. எனக்கு இந்தியில் நீளமாகப் பேச வரும், கூச்சம்தான் பேச விடாது. அன்று வந்தது ஒரே சொல்.

"பானி."

அவள் தலையசைத்துவிட்டுக் கிளம்பினாள். கோடு நகரவில்லை. யாரும் எங்களோடு பேசவில்லை. படிக்கட்டில் முன்பு கால் படாமல் போனவர்கள், இப்போது கண் படாமலும் போனார்கள்.

ஆனால் வங்கி அதிகாரிகளை அவ்வளவு லேசாக எண்ணிவிடக் கூடாது. மழைக்கு முன்னால் பொதுக்கூட்டம் கூட்டி, செகரட்டரி ஒரு புதுக் கண்டுபிடிப்பை வைத்தார். நீலக்கோடு என்பது தண்ணீர் வரும் உயரத்தைப் பொறுத்தது. தண்ணீர் தரைத்தளத்தில் தகடு வரைக்கும் வருகிறது. முதல் மாடிக்கு வருவதில்லை. ஆகவே நீலக்கோடு தரைத்தளத்துக்கு மட்டும்தான், மேல்மாடிகள் கோட்டுக்கு வெளியே. வரைபடத்தை மேலிருந்து பார்த்தால் எல்லா மாடியும் ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் தெரியும் என்று அந்தப் பேத்தி ஏதோ சொல்லப் பார்த்தாள். உட்கார்த்திவிட்டார்கள். தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது: இந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஆண்டுதோறும் வெள்ளம் புகுகிறது என்பதை உறுப்பினர்கள் ஒருமனதாக உறுதி செய்கிறார்கள்.

மனைவி எழுந்தாள். "அப்ப சாவி?"

செகரட்டரி நோட்டைப் பார்த்தார். மினிட்ஸ் அவர் கையெழுத்திலேயே காயாமல் இருந்தது. சாவியைக் கொத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார்.

அந்த அபாரமான தீர்மானத்துக்கு அரசாங்கத்திலிருந்து இன்றுவரை பதில் இல்லை.

ஜூலையில் அணையைத் திறந்தார்கள். போலீஸ் வண்டி பூர் பூர் என்று சொல்லிக்கொண்டு போனது. இந்த முறை மேல்மாடிகளுக்கும் அது சரியாகவே கேட்டது. மத்தியானத்துக்குள் ஃப்ரிட்ஜ், அரிசி டின், மெத்தை எல்லாவற்றையும் ஏற்றிவிட்டோம். அறையில் நாற்காலிகளை அடுக்கி, தெர்மாகோல் மண்டபத்தை ஓரமாகத் தள்ளி இடம் பண்ணினோம். பின்பக்க நாற்காலிகளுக்குப் பின்னால் செகரட்டரி வீட்டுப் பழைய சோபா ஒன்று துணி போர்த்திக் கிடந்தது. இத்தனை வருஷம் எங்களுக்குக் கிடைக்காத அறையில் அது நனையாமல் இருந்திருக்கிறது. என் மனைவி துணியை எடுத்துவிட்டு அதில் உட்கார்ந்து, காலை நீட்டி, டீ குடித்தாள்.

நான் படிக்கட்டில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ நிறத் தண்ணீர் கதவில் ஏறிக்கொண்டிருந்தது. மேலே காலடிச் சத்தம். செகரட்டரி இறங்கி வந்து என் பக்கத்தில் நின்று கீழே எட்டிப் பார்த்தார். கையில் போன், தீர்மானத்தோடு இணைக்கப் படம் வேண்டுமாம்.

"எவ்வளவு வந்திருக்கு?" என்றார்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவர் கேட்டது அதுதான் முதல் முறை.

"தகடு வரைக்கும் சார்," என்றேன். "தோள் வரைக்கும் வர இன்னும் நேரம் ஆகும். நாற்காலி போடட்டுமா?"